பொன்விழா மயில்

"நிப்பாட்டும் ஓட்டோவை! முதலிலை உந்தப் பாட்டை நிப்பாட்டும்!"

கோப்பாய் ஒழுங்கையின் நடுவில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் சண்முகநாதன். பாட்டுப் போட்டு வீடு வீடாகப் பேக்கரிப் பாண் விற்கும் ஓட்டோக்கார எமில்ராஜ் பிரேக்கை அமத்திய வேகத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த பணிசுகள் எல்லாம் ஒருமுறை எழும்பி விழுந்தன.

"ஏன் மாஸ்ரர், பாட்டு என்ன செய்தது?"

"பாட்டு ஒண்டும் செய்யேல்லை. நீர்தான் செய்யிறீர். காதலுக்கெண்டு பிறந்த பாட்டை, சீனிப்பணிஸ் விக்கப் போடுறீர்! வாற ஞாயிறு அதுக்குப் பொன்விழா. பாடின கிறிஸ்ரோபரே டென்மார்க்கிலையிருந்து வாறார். விழாக்குழுத் தலைவர் நான். என்ரை மானத்தை வாங்காதையும்."

'படலைக்கு வா மயிலே' என்ற அந்தப் பொப் பாட்டு லேசுப்பட்டதல்ல. கோப்பாயில் தாலி கட்டாமல் ஒரு கலியாணம் நடந்திருக்கலாம். இந்தப் பாட்டுப் போடாமல் ஒன்றும் நடந்ததில்லை. போன தேர்தலில் ஒன்றோடொன்று முகம் பாராத மூன்று கட்சிகள் இதே மெட்டில் வாக்குக் கேட்டன; மூன்றும் தோற்றன, மெட்டு மட்டும் வென்றது. ரியூசன் கொட்டிலில் பிள்ளைகள் இரசாயன மூலகங்களைப் பாடமாக்குவதும் மயிலைக் கூப்பிட்டுத்தான்.

சண்முகநாதன் மாஸ்ரரே இளந்தாரிக் காலத்தில் இதை விசிலடித்துத்தான் அருமைநாயகியைப் படலைக்குக் கூப்பிட்டவர். படலை திறந்தது, இன்றுவரை பூட்டவில்லை.

பாட்டின் தொடக்கத்தில் 'பாம்... பாம்...' என்று இரண்டு சத்தம் வரும். அது காதலனின் நெஞ்சுப் படபடப்பு என்று பொன்விழா மலரில் மாஸ்ரர் நாலு பக்கம் எழுதியிருந்தார். எமில்ராஜுக்கு அவ்வளவு ஆராய்ச்சி கிடையாது. வழிவிடச் சொல்லி அடிக்கிற ஓட்டோக் கோண் பழுதாகி இரண்டு வருசம். அந்தப் 'பாம் பாம்' இருக்கிறதே என்று அவன் திருத்தாமலே விட்டுவிட்டான்.

ஆனாலும் மாஸ்ரர் சொல்லைத் தட்ட முடியுமா? அடுத்த நாள் காலை எமில்ராஜ் ஒரு வயலின் இசையைப் போட்டுக்கொண்டு வந்தான். ஒரு படலை திறக்கவில்லை. ஊர் நாய்கள் மட்டும் ஒன்று விடாமல் வந்து, இசையை முழுதாகக் கேட்டுவிட்டுப் போயின.

பின்னேரம் பார்த்தால், பாண் முழுக்கப் பெட்டிக்குள்ளேயே இருந்தது. மூன்றாம் நாளும் அதே கதை.

"ஞாயிறு வரைக்கும் பாப்பன், எமில்," என்றார் பேக்கரி முதலாளி. "பிறகும் உப்பிடியெண்டா ஓட்டோவை வேறை ஆளிட்டைக் குடுப்பன். குறை நினைக்காதை."

சனிக்கிழமை அருமைநாயகி ஒழுங்கை முகப்பில் அவனை மறித்தார்.

"எங்கை தம்பி மூண்டு நாளாக் காணேல்லை?"

"தினமும் வாறன் அக்கா. பாட்டுத்தான் வேறை."

"ஐயோ, அது நீரோ? ஆற்றையோ செத்தவீடு எண்டெல்லோ நான் வெள்ளைச் சீலை தேடினனான்! மாஸ்ரர் பாணில்லாமல் மூண்டு நாளாப் புட்டைத் திண்டுபோட்டு என்னோடை கொழுவிக்கொண்டு சண்டைக்கு நிக்கிறார்."

ஞாயிறு பின்னேரம் சனசமூக நிலையத்தில் ஊசி போட்டால் விழ இடமில்லை. பாட்டுக்காரரிடமே காலில் விழுந்து கேட்போம் என்று, பாட்டு இருந்த பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனான் எமில்ராஜ். அவன் தலை தெரிந்ததுதான் தாமதம், மாஸ்ரர் மைக்கில் பிடித்துவிட்டார்.

"ஐயா, உவர்தான் ஆள்! உங்கடை காவியத்தைப் பாணோடை சேர்த்து வித்தவர்!"

எமில்ராஜ் மேடையில் ஏறினான். கழுத்தில் ஏழு பொன்னாடையோடு புழுங்கிக்கொண்டிருந்த கிறிஸ்ரோபருக்கு முன்னால் பென் டிரைவை நீட்டினான்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ ஐயா. வேண்டாமெண்டா இப்பவே தந்திட்டுப் போறன். ஆனா இது இல்லாட்டி என்ரை தொழில் இல்லை."

கிழவர் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"எத்தினை வருசமாப் போடுறீர்?"

"ஆறு வருசம், ஐயா."

"கேட்டுச் சனம் வருதோ?"

"முகம் கழுவாமலும் ஓடி வருகினம். போடாட்டி நாய்தான் வருது."

"பாணை வாங்குகினமோ?"

"ஓம் ஐயா. ஒண்டும் மிஞ்சாது."

கிறிஸ்ரோபருக்குக் கண் கலங்கிவிட்டது. பொன்னாடை நுனியால் துடைத்துக்கொண்டு மாஸ்ரர் பக்கம் திரும்பினார்.

"மாஸ்ரர், உந்த மலரிலை 'பாம் பாம்' எண்டதுக்கு என்ன எழுதியிருக்கிறியள்?"

"காதல் நெஞ்சின்ரை படபடப்பு, ஐயா! நாலு பக்கம்!"

"நெஞ்சில்லை மாஸ்ரர். அது பாண் விக்கிற வானின்ரை கோண்."

மாஸ்ரர் கையிலிருந்த மலரை மெல்ல முதுகுக்குப் பின்னால் மறைத்தார். முன்வரிசையில் அருமைநாயகி சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். கிழவர் பென் டிரைவை வாங்கி, திரும்ப எமில்ராஜின் சட்டைப் பைக்குள்ளேயே போட்டு, அதன் மேல் ஒரு தட்டுத் தட்டினார்.

"முதலிலை ஒரு பேக்கரி விளம்பரத்துக்கெண்டுதான் இதைப் பாடினனான், தம்பி. 'உதைக் கேட்டு ஆர் பாண் வாங்குவினம்?' எண்டு அந்த முதலாளி திரத்திவிட்டிட்டார்!"