ஓஸ்லோவில் ஒரு நகல்

பழைய கோப்பு இல்லை.

மறுபடி தேடினாள். இல்லவே இல்லை.

பார்வையற்ற பிள்ளைகளுக்கான ஒலிப்பாடத் தளம் ஒன்றை இணையத்தில் நடத்திவந்தாள். பாடம் மாறினால் புதிய ஒலிப்பதிவைப் பழைய பெயரிலேயே ஏற்றுவது அங்கே வழக்கம். பெயர் மாறினால் பிள்ளைகள் தேடி அலைவார்கள். காலையில் அப்படித்தான் ஏற்றினாள்; பழையதன் மேலேயே புதியது பதிந்துவிட்டது.

சாவிக்கோப்பு, கடவுச்சொல், கைபேசிக்கு வரும் எண். கோப்பு ஏற்றும் வழியை எவ்வளவு பத்திரமாகப் பூட்டி வைத்திருந்தாள்! திருடன் யாரும் வரவில்லை. அழித்தது இவளேதான்.

மதியம்தான் போன் வந்திருந்தது. அந்தப் பழைய பதிவைப் படித்த தாட்சாயணி டீச்சரின் கணவர். டீச்சருக்குத் தொண்டையில் ஆபரேஷன். இனிப் பேச்சு வராதாம்.

"அவ குரல்னு எங்ககிட்ட எதுவுமே இல்லம்மா. உங்களுக்குப் படிச்சுக் குடுத்தாளே ஒரு பாடம், அதை மட்டும் அனுப்பேன்."

சரி சார் என்று சொல்லிவிட்டாள். கிறுக்கி! பார்த்துவிட்டுச் சொல்லியிருக்கக் கூடாதா?

அப்போதுதான் சிடிஎன் ஞாபகம் வந்தது. தளத்தின் கோப்புகளை உலகமெங்கும் நகலெடுத்து வைத்துக் கொடுக்கும் சேவை. ஓர் ஊரில் யாராவது பாடத்தைக் கேட்டால், அங்கே அதன் நகல் ஒரு நாள் தங்கும். அப்புறம் போய்விடும்.

நேற்று யாராவது கேட்டிருந்தால்?

ஒவ்வொரு ஊராகத் தட்டிப் பார்த்தாள்.

சென்னையில் புதியது. மும்பையில் புதியது. சிங்கப்பூர், துபாய், லண்டன், எல்லாம் புதியது. விடுவதாயில்லை அவள்.

ஓஸ்லோ.

"பிள்ளைங்களா, இன்னிக்கு நாம மழையைப் பத்திப் படிக்கப்போறோம்."

டீச்சர்!

உடனே இறக்கிக்கொண்டாள். இரண்டு இடத்தில் சேமித்தாள். அழுகை வந்தது, கொஞ்சம் அழுதாள்.

அப்புறம் யோசித்தாள். நார்வேயில் யாருக்கு ஆறாம் வகுப்புப் பாடம்?

யார் எங்கிருந்து கேட்டார்கள் என்று காட்டும் பதிவேட்டைத் திறந்தாள். ஓஸ்லோவிலிருந்து இந்த ஒரு பாடம் மட்டும். நான்கு மாதமாக, தினமும், ஒரே நேரத்தில்.

போனை எடுத்தாள்.

"கிடைச்சிருச்சு சார். இப்பவே அனுப்பறேன். ஒண்ணு கேக்கலாமா? ஓஸ்லோல உங்களுக்கு யாராச்சும் இருக்காங்களா?"

"பையன் இருக்கான். ஆறு வருஷமா எங்ககூடப் பேச்சு இல்ல. ஏம்மா?"

சொன்னாள்.

அவர் பேனாவைத் தேடி எடுப்பது கேட்டது.

"எத்தனை மணிக்கும்மா கேப்பான்?"