வாசலில் நின்ற கார்

"உருக்கப் போற சட்டிக்கு உதை வலிக்குமாலே?" என்று கேட்டுக்கொண்டே வீரபாகு செருப்புக் காலால் இன்னொரு உதை விட்டார். காரின் இடது கதவு குதிகால் அளவுக்கு உள்ளே குழிந்தது.

"உதைக்காதீய அண்ணாச்சி, தகரம் நசுங்குதுல்லா" என்றான் பிச்சையா. பழைய இரும்பு வாங்குகிறவன். குழிந்த இடத்தைக் கன்றுக்குட்டியைத் தடவுவதுபோலத் தடவிக் கொடுத்தான்.

"நசுக்கத்தான வாங்குத? அதை நான் செஞ்சா என்ன, நீ செஞ்சா என்ன?"

வீரபாகுவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. புத்தி இப்படி இருக்கப் போய்த்தான் இந்தப் பயல் வெயிலில் வீடு வீடாக அலைந்து துருப்பிடித்த ஆணி பொறுக்குகிறான் என்று நினைத்துக்கொண்டார்.

கருப்பட்டித் தரகர் வீரபாகு வீட்டுக் கார் என்றால் தூத்துக்குடியில் அந்தத் தெருவுக்கே தெரியும். ஒரு வருஷமாக வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறது. மூடியைத் திறந்தால் உள்ளே இன்ஜின் கிடையாது என்பது மட்டும் அவருக்கும் அவர் மனைவி சீனித்தாய்க்கும்தான் தெரியும். எந்தத் துரையோ இன்ஜினைக் கழற்றி எடுத்துக்கொண்டு கூட்டை வீசிவிட்டுப் போக, இவர் அதை ஓசியில் இழுத்து வந்து நிறுத்தியிருந்தார்.

எல்லாம் மகன் பால்துரைக்காகத்தான். பையனுக்குப் படிப்பும் ஏறவில்லை, தொழிலும் ஒட்டவில்லை. வாசலில் கார் நிற்கிற வீடென்றால் பெண் கொடுக்க எவனாவது ஓர் ஏமாளி வராமலா போவான்? வந்தார், ஏரல் பொன்னுலிங்கம்.

ஏரலில் பலசரக்குக் கடை வைத்திருக்கிற ஆள். மாப்பிள்ளை வீடு பார்க்க வரும்போதுகூட ஒரு சட்டை கிடையாது, மேலுக்கு ஒரு துண்டு. இதெல்லாம் ஒரு மனுசனா என்று வீரபாகுவுக்கு அப்போதே எளக்காரம். பொன்னுலிங்கம் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மூடிமேல் கையை வைத்துக்கொண்டு, "ஓட்டுறதில்லியோ?" என்று கேட்டார்.

"பெட்ரோலுக்குக் கூப்பன் கிடைக்க மாட்டேங்கு, அண்ணாச்சி" என்றார் வீரபாகு, கண்ணைக்கூடச் சிமிட்டாமல். உலகச் சண்டைக்காலம், பெட்ரோல் ரேஷனில்தான். ஊரில் ஓடுகிற காருக்கே அதுதான் கதி என்பதால் யாரும் மறுபேச்சுப் பேச முடியாது.

அந்தச் சூட்டோடு ஒரு போடும் போட்டார். "கார்லயே போயிப் பழகுன பய. பந்தல் வாசல்ல சீதனமா ஒரு கார் நின்னாத்தான் ரெண்டு வீட்டுக்கும் மரியாதி."

பொன்னுலிங்கம் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். "நிறுத்திருவோம்" என்றார்.

பட்டிக்காட்டான் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான் என்று சீனித்தாயிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார் வீரபாகு. அப்புறம் இந்தக் கூடு எதற்கு? மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு இதையே எடுங்கள் என்று எவனாவது கிளப்பிவிட்டால் மானம் கப்பலேறிவிடும். அதனால்தான் பிச்சையா தானாக வந்து கேட்டதும், இந்தா தொலை என்று கொடுத்துவிட்டார்.

காரை இழுத்துப் போக பிச்சையா அதன் முன்னால் தன் மாடுகளைப் பூட்டினான். "ஓலைப்பாய் ஒண்ணு இருந்தா குடுங்க மைனி. வழியில கண்ணாடி உடைஞ்சிரக் கூடாது."

சீனித்தாய் பாயை எடுத்துக் கொடுத்துவிட்டுப் புருஷன் பக்கம் திரும்பினாள். "இரும்புக்காரனுக்குக் கண்ணாடி எதுக்குங்கேன்?"

"மொகம் பாப்பான். ஏளா, நீ உள்ள போ."

கார் தெருமுனை திரும்புகிறவரை வீரபாகு நின்று பார்த்தார். எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரரிடம், "பழசைத் தள்ளி விட்டாச்சு. புதுசு வருதுல்லா" என்றார்.

ஏரலில் கல்யாணம். தாலி கட்டி முடிந்ததும் வீரபாகு தன் ஆட்களைத் திரட்டிக்கொண்டு பந்தல் வாசலுக்கு வந்தார். குலை தள்ளிய வாழைகளுக்கு நடுவே கார் நின்றது. பச்சைப் பெயின்ட் பளபளவென்று மின்னியது. மூடி தெரியாமல் மல்லிகைச் சரம் தொங்கவிட்டிருந்தார்கள்.

"நம்ம வீட்டுல நின்னது என்ன காரு? காயலான் சரக்கு. எத்தித் தள்ளிட்டேன்" என்றார் வீரபாகு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "கார்னா இதுல்லா கார்." சொல்லிக்கொண்டே இடது கதவில் தோரணையாகக் கையை ஊன்றினார்.

உள்ளங்கை ஒரு குழிக்குள் போய் உட்கார்ந்தது. மேலே பெயின்ட் புதுசு. குழி அவருடைய குதிகால் அளவுக்கு இருந்தது.

வீரபாகு மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். இது என் பழைய கார்தான் என்றால், ஒரு வருஷம் ஊரை ஏமாற்றியதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இன்ஜின் இல்லை என்றால், மூடியைத் திறக்காமலே உமக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். கையை எடுக்கவும் பயமாக இருந்தது. எடுத்தால் குழி தெரியும்.

விவரம் புரியாத அவர் மைத்துனர் ராஜதுரை பின்னாலிருந்து சத்தம் போட்டார். "பொண்ணு மாப்பிள்ளையை ஏத்தி ஊரை ஒரு சுத்துச் சுத்திட்டு வருவோமே, அத்தான். எடுக்கச் சொல்லுங்க வண்டியை."

பொன்னுலிங்கம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். மகள் கல்யாணத்துக்கும் சட்டை போடவில்லை, அதே துண்டுதான். கதவில் ஒட்டிக்கொண்ட கையை ஒரு தரம் பார்த்தார், பிறகு வீரபாகுவின் முகத்தைப் பார்த்தார்.

"பெட்ரோலுக்குக் கூப்பன் கிடைக்க மாட்டேங்கு, சம்பந்தி."