நிறுத்திய பிறகு வந்த பதில்

ஒரு மென்பொருள் கேட்டால் இன்னொன்று பதில் சொல்லுமே, அந்த வெப் சர்வீஸ் எழுதக் கற்றுக்கொடுப்பது என் பிழைப்பு. ஒவ்வொரு பேட்சுக்கும் அதே பாட்டைப் பாடித் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. நான் எழுதிய மாதிரி சர்வீஸுக்கு ஒரே வேலைதான். “சாப்பிட்டாச்சா?” என்று கேட்டால் “ஆச்சு” என்று பதில் அனுப்பும்.

மாலை வகுப்பில், பிழைச்செய்தி எப்படி வரும் என்று காட்ட, அந்த சர்வீஸ் ஓடும் சர்வரை நிறுத்தினேன்.

“ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டப்போறோம். பதில் வராது, பிழைச்செய்திதான் வரும், பாருங்க.”

கேள்வியை அனுப்பினேன். திரையில் பதில் வந்தது.

“இன்னும் இல்லைங்க. நீங்க வந்துடுங்க, சேர்ந்தே சாப்பிடலாம்.”

வகுப்பு சிரித்தது. “வீட்டுல மேடமா சார்?” என்றாள் முன்வரிசைப் பெண்.

சர்வரின் கேபிளையும் பிடுங்கிவிட்டு மறுபடி கேட்டேன்.

“பரவால்ல, மெதுவா வாங்க. நான் இருக்கேன்.”

இந்தக் கேள்வியை வீட்டுக்கு போன் போட்டு தினமும் கேட்பேன், மனைவி உயிரோடு இருந்தவரை. எவ்வளவு நேரமானாலும் நான் போகாமல் அவள் சாப்பிட்டதில்லை.

“பிழைச்செய்தி வரவே இல்லையே சார்?”

“நாளைக்குப் பார்ப்போம்” என்று பையை எடுத்துக்கொண்டு பாதி வகுப்பிலேயே கிளம்பினேன். மெதுவா வாங்க என்று சொல்வாளே தவிர, அவள் பசி தாங்கமாட்டாள்.