ஒன்பது அடித் தலை

போலீஸ் லாரி பட்டறை வாசலில் வந்து நின்றபோதே தச்சருக்குத் தெரிந்துவிட்டது, யாரோ போட்டுக் கொடுத்துவிட்டார்கள் என்று. இறங்கிய இன்ஸ்பெக்டர் யாரிடமும் ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. நேராக மூலைக்குப் போய்த் தார்ப்பாயை இழுத்தார்.

உள்ளே மேயர் வாயைப் பிளந்துகொண்டிருந்தார்.

மேயர் என்றால் முழு மேயர் இல்லை, தலை மட்டும். மூங்கிலும் பழைய பேப்பரும் பசையும் சேர்த்துச் செய்த ஒன்பது அடித் தலை. பல் இடுக்கில் ஒரு குட்டிக் கட்டடம் மாட்டிக்கொண்டு நின்றது. அது ஊர் நூலகம். அதை இடித்துவிட்டுத் தன் ஓட்டலுக்குக் கார் நிறுத்த இடம் பண்ணிக்கொள்ள மேயர் தீர்மானம் கொண்டுவந்திருந்தார். அன்று காலை பதினோரு மணிக்கு ஓட்டெடுப்பு.

தலையைச் செய்தவர்கள் மூன்றே பேர். முகம் வரைந்தது ஓவிய டீச்சர். மூங்கில் கட்டியது அவருடைய தம்பியான தச்சர். தாடையைத் துணியில் தைத்து, ஸ்பிரிங் வைத்து ஆடவிட்டது டீச்சரின் வீட்டுக்காரர், தையல்காரர். மூன்று பேரும் அந்த நூலகத்தில் படித்து ஆளானவர்கள். ஒன்றரை மாதம் ஞாயிற்றுக்கிழமைகூடப் பார்க்காமல் உழைத்திருந்தார்கள்.

செய்து முடித்த பிறகுதான் தலைவலியே ஆரம்பித்தது. கேலிப் பொம்மையைத் தெருவில் கொண்டுபோகக் கூடாது என்று தடை போட்டுவிட்டார்கள். தடையை மீறியாவது போய்விடலாம் என்றால் லாரி கிடைக்கவில்லை. மேயர் பெயரைக் கேட்டதும் ஒரு லாரிக்காரருக்கு டயர் பஞ்சர், இன்னொருவருக்குத் திடீர் வயிற்றுவலி. டீச்சர் மட்டும் அலட்டிக்கொள்ளாமல், தலையின் அடியில் கயிறு கட்ட நாலு இரும்பு வளையம் வைக்கச் சொன்னார். லாரியே இல்லை, வளையம் ஒன்றுதான் குறைச்சல் என்று முணுமுணுத்துக்கொண்டே தச்சர் வைத்துக் கொடுத்தார்.

இப்போது அதே வளையங்களில் கான்ஸ்டபிள்கள் கயிறு கோத்துக்கொண்டிருந்தார்கள். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று தச்சர் வாய்விட்டே கேட்டார்.

"காலையில போன் வந்துச்சு" என்றார் இன்ஸ்பெக்டர், பெருமை தாங்காமல். "ஜீப் பத்தாது, லாரியா எடுத்துட்டு வாங்கன்னு அளவு முதற்கொண்டு சொல்லிட்டாங்க."

தச்சர் மெதுவாகத் திரும்பித் தையல்காரரைப் பார்த்தார். தையல்காரருக்கு ஊர் வைத்த பெயர் ஒலிபெருக்கி. காலையில் ஒருவருக்கு இடுப்பளவு எடுத்தால் மாலைக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும்.

"சத்தியமா நான் இல்ல மாப்ள" என்றார் தையல்காரர். பெண்டாட்டியாவது தன் பக்கம் ஒரு வார்த்தை பேசுவாள் என்று பார்த்தார். டீச்சர் எங்கோ பார்த்துக்கொண்டு லாரியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். மனுஷனுக்கு மனசே விட்டுப்போயிற்று.

தலையோடு மூன்று பேரையும் கோர்ட்டுக்குக் கொண்டுபோக ஒரே வழி, கடைத்தெரு வழியாக மாநகராட்சி வாசலைத் தாண்டிப் போவதுதான். தலைக்குப் போர்த்திய தார்ப்பாய் முதல் திருப்பத்திலேயே காற்றில் பறந்துபோனது. அடுத்து வந்தது மேயர் போட்ட ரோடு. அதில் குழிக்குப் பஞ்சமே இல்லை.

லாரி குழியில் இறங்கும்போதெல்லாம் தாடை திறந்தது, ஏறும்போதெல்லாம் மூடியது. மேயர் நூலகத்தை நறநறவென்று மென்றுகொண்டே கடைத்தெருவில் பவனி வந்தார். தராசைப் பிடித்தபடி காய்கறிக்காரம்மா சிரித்தார். முகச்சவரம் பாதியில் நிற்க, கழுத்தில் துண்டோடு ஒருவர் சலூனிலிருந்து ஓடி வந்தார். காவலுக்கு ஏறிய கான்ஸ்டபிள், சிரிப்பு மேலதிகாரிக்குத் தெரிந்துவிடாமலிருக்க மேயரின் காதுக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டார்.

மாநகராட்சி வாசலுக்கு வருவதற்குள் லாரிக்குப் பின்னால் கடைத்தெருவே திரண்டுவிட்டது. அதற்கு மேல் லாரி நகரவில்லை. என்ன சத்தம் என்று கவுன்சிலர்கள் மாடி வராந்தாவுக்கு வந்தார்கள், மேயரும் வந்தார். தன்னைத் தானே பார்த்தார். மேயர் கட்சி கவுன்சிலரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். பதினோரு மணிக்குத் தீர்மானம் வாபஸ் ஆனது.

கோர்ட்டில் மாஜிஸ்திரேட் வழக்கைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். பட்டறைக்குள் பொம்மை செய்தது குற்றமா என்று கேட்டார். இல்லை ஐயா, தெருவில் கொண்டுபோவதுதான் குற்றம் என்றார் இன்ஸ்பெக்டர்.

"சரி, தெருவுல கொண்டு வந்தது யாரு?"

இன்ஸ்பெக்டர் ஜன்னல் வழியாகத் தன் லாரியைப் பார்த்தார். அப்புறம் தன் தொப்பியைப் பார்த்தார். மூன்று பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

நூலகம் தப்பித்த சந்தோஷத்தில் ஊரே கைகொடுத்தது. ஆனாலும் தச்சருக்கு ஆறவில்லை. நல்லபடியாக முடிந்ததால் துரோகம் இல்லையென்று ஆகிவிடுமா, இனிமேல் இவரை நம்பி ஒரு காரியத்தில் இறங்க முடியுமா என்று வழிநெடுகப் பொரிந்து தள்ளினார். தன் கத்தரிக்கோல் மேல் ஆணை என்று ஏழாவது தடவையாகச் சொன்ன தையல்காரருக்கு அழுகையே வந்துவிட்டது.

டீச்சர் நின்று, கணவரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"அவரை விடுடா. லாரிக்காக மூணு வாரம் அலைஞ்சும் ஒருத்தரும் தரல, அதான் நானே போலீஸுக்குப் போன் போட்டேன்."