பக்கக் கண்ணாடியில் ஒரு கை

"இன்னும் வா, இன்னும் வா" என்று பக்கக் கண்ணாடியில் டெல்பர்ட்டின் கை கூப்பிட்டது.

நேடீன் வந்தாள். முப்பத்தெட்டு அடி நீள வீட்டு டிரெய்லரைப் பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

காலையில் ஒக்லஹோமாவில் ஏறி உட்கார்ந்தவள். கான்சாஸ் முழுக்க ஒரே பக்கக் காற்று. இப்போது நெப்ராஸ்கா. ஒன்பது மணி நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்த விரல்கள் மரத்துப் போயிருந்தன. எங்கேயாவது நிறுத்தி, தரையானாலும் பரவாயில்லை, காலை நீட்டிப் படுத்தால் போதும்.

வண்டியைக் குறை சொல்ல முடியாது. வாங்கி ஐந்து வாரம்கூட ஆகவில்லை. பின்னால் நாலு சக்கரம் போட்ட டீசல் பிக்கப். ஒரு வீட்டை இழுக்கிறோம் என்கிற நினைப்பே அதற்குக் கிடையாது. அறுபத்தாறு வயதில் இதையெல்லாம் இழுக்கக் கற்றுக்கொண்டவள்தான் திணறிக்கொண்டிருந்தாள். நாற்பது வருஷம் மாட்டு லாரி ஓட்டிய புருஷன் டெல்பர்ட் பக்கத்து இருக்கையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து வந்தான்.

வழி நெடுக, வரப்போகிற ஊரையெல்லாம் ஒன்று விடாமல் முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வந்தான்.

போன வருஷம் டாக்டர் அவன் கண்ணைப் பார்த்துவிட்டு, ஓரமெல்லாம் தெரியும், நடுவில்தான் மங்கும் என்றார். லைசென்ஸ் போயிற்று. "ஓட்டத்தானே கூடாது? பின்னால நின்னு வழி காட்டக் கூடாதுன்னு எவன் சொன்னான்?" என்று டெல்பர்ட் அங்கேயே சண்டைக்கு நின்றான்.

அந்த ஒரு வேலைதான் அவனுக்கு மிச்சம். அதையும் பிடுங்கிக்கொண்டால் மனுஷன் உட்கார்ந்த இடத்திலேயே ஒடுங்கிப் போய்விடுவான். அந்தப் பயம் அவளுக்கு எப்போதும் உண்டு.

இதுவரை தங்கிய டிரெய்லர் முகாம்களில் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் நேராக வெளியேறிவிடலாம். இன்றைக்கு அப்படி இடம் எதுவும் காலியில்லை. இரண்டு மரங்களுக்கு நடுவே பின்பக்கமாகத்தான் நுழைத்தாக வேண்டும்.

டிரெய்லர்க்காரர்களுக்கு மாலை நாலு மணிக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு ஏது? மடக்கு நாற்காலியும் கையில் பீருமாக ஆறேழு பேர் வந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

"இன்னிக்கு யாரு ஜெயிப்பா, மரமா, அம்மாவா?" என்றார் ஒரு தாடிக்காரர்.

"மரத்து மேல பந்தயம் கட்டாதய்யா, தோத்துப்போவ!" என்று டெல்பர்ட் பின்னாலிருந்து சத்தம் போட்டான். எல்லாரும் சிரித்தார்கள். பழைய லாரிக்காரக் குரல். அதைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! நேடீன் அந்தக் களைப்பிலும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

டிரெய்லரின் முதுகில் கேமரா உண்டு. அது காட்டுவதெல்லாம் ஸ்டியரிங்குக்குப் பக்கத்துத் திரையில் தெரியும். அவள் திரையை அணைத்தாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் அவன் நிறுத்தச் சொல்வதற்கு முன்பே கால் பிரேக்குக்குப் போய்விடும். அவன் கண்டுபிடித்துவிடுவான். அவள் அவன் கையை மட்டும் பார்த்தாள்.

கை வலப்பக்கம் வளைந்தது. பின்னால் போகும்போது டிரெய்லர் எதிர்ப்பக்கம்தான் திரும்பும்; அவள் ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தாள்.

வா. வா. வா.

வந்தாள்.

தகர டப்பாவை மிதித்த மாதிரி ஒரு சத்தம்.

நாற்காலிகளில் ஒருவரும் சிரிக்கவில்லை.

நேடீன் இறங்கினாள். முழங்கால் பிடித்துக்கொண்டது. வலப்பக்கம், கரண்ட் கொடுக்கிற கம்பம் கோணலாகச் சாய்ந்து கிடந்தது. டிரெய்லரின் பின்மூலையில் ஒரு முழ நீளத்துக்குக் கிழிசல். அழக்கூடத் தெம்பில்லை அவளுக்கு.

வேடிக்கை பார்த்தவர்கள் சத்தமில்லாமல் நாற்காலியை மடக்கிக்கொண்டு ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டையை மட்டும் பார்க்கக் கூடாது என்று அவர்களுக்குள் ஒரு மரியாதை உண்டு.

டெல்பர்ட் டிரெய்லரைத் தடவிக்கொண்டே வந்து கிழிசலில் விரலை விட்டுப் பார்த்தான். முகம் வெளிறிப் போயிருந்தது.

"என் தப்புதான் டெல்" என்றாள் அவசரமாக. "நீ சரியாத்தான் காட்டினே. நான்தான் உன் கையக் கவனிக்கல."

"கையயா?" என்றான். "என் கைய எதுக்குப் பாக்குறே? கேமராவப் பாத்துதானே எடுத்தே?"

அணைக்காமல் விட்ட எஞ்சின் முன்னால் உறுமிக்கொண்டிருந்தது.

"அந்தக் கேமரா இல்லாட்டி வண்டியே வேணாம்னு ஷோரூம்காரன்கிட்ட மல்லுக்கட்டினேனே, எதுக்குன்னு நெனச்சே? உனக்குத்தான் நேடீன். நாலு பேரு பாக்குறாங்களேன்னு நான் சும்மா கைய ஆட்டிக்கிட்டிருந்தேன்."

"ஓரமெல்லாம் தெரியுதுன்னியே?"

"அது போன வருஷம்."

அவள் விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். பிக்கப்பின் பின்சக்கரத்துக்கு மேலே இருந்த தகட்டைப் பிடித்துக்கொண்டாள். டிரெய்லரைத் தடவிக்கொண்டே அவனும் வந்தான்; அவன் கை துழாவி, அவள் கைக்குப் பக்கத்தில், வெயிலில் சுட்ட அதே தகட்டின் மேல் நின்றது.

"இந்த வண்டி என்ன நிறம்னே நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும்."