சிவப்பு வட்டம்

“போர்டு வச்சாலும் வச்சானுங்க, என் இடுப்பு ஒடிஞ்சு போச்சு!”

குழாய் ரிப்பேர்காரர் கருவிப் பெட்டியைக் கூடத்தில் தொப்பென்று இறக்கினார். இரண்டு தெரு தள்ளி வேனை விட்டுவிட்டு, அத்தனை கனத்தையும் தூக்கிக்கொண்டு நடந்து வந்திருந்தார். வீட்டு ஜன்னலை ஒட்டி வேன் நின்றதெல்லாம் போன மாதத்தோடு சரி. ஒருநாள் காலையில் பார்த்தால் அங்கே கம்பமும் அதன் மேல் ஒரு போர்டும் முளைத்திருந்தன. சிவப்பு வட்டம், நடுவில் வேன் படம், குறுக்கே ஒரு கோடு.

“நகராட்சியில போய்க் கேட்டா என்னங்க?” என்றாள் மனைவி.

“கேட்டா, இத்தனை வருசம் நிறுத்தினதுக்கும் சேர்த்து அபராதம் போடுவான். எனக்குத் தெரியாதா அவனுங்களை? எல்லாம் எதிர்வீட்டுத் தையல்காரன் போட்ட மொட்டைக் கடுதாசி.”

அவர் யாரையும் நம்பாத மனிதர். இந்தக் காலத்தில் அது தப்பும் இல்லை. அளவு நாடா வாங்கினால்கூட இன்னொரு நாடாவை வைத்து அளந்து பார்த்துத்தான் வாங்குவார். அன்றைக்கும் சட்டையைக் கழற்றுவதற்குள் அடுத்த புகார் கிளம்பிவிட்டது.

“போன மாசம் வாங்கிப்போட்ட இரும்புக் குழாய்ல ஒண்ணு குறையுது. கடைக்காரன் கண்ணெதிர்லயே ஏமாத்திட்டான், திருட்டுப்பய!”

ஜன்னலோர மேசையில் மகள் வரைந்துகொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

“அவ எந்தப் பாடம்னு நாளைக்குச் சொல்லியாகணுமாம்,” என்று மனைவி மெதுவாக ஆரம்பித்தாள். “பரீட்சைக்கு கிராபிக்ஸே எடுக்கட்டுமே. வேன் நகர்ந்ததுலேர்ந்து அந்த ஜன்னல்ல நல்ல வெளிச்சம். பொழுதுக்கும் அங்கயேதான் உக்காந்து வரையுறா.”

“கலர் கலராக் கிறுக்குறதுக்கு ஒரு பரீட்சை, அதுக்கு ஒரு வாத்தியார்! அக்கவுண்ட்ஸ் எடுக்கச் சொல்லு. ஆபீஸ்ல ஃபேனுக்குக் கீழ உக்காரலாம். என்னை மாதிரி அடுத்தவன் வீட்டுக் கழுவுதொட்டிக்குக் கீழ மல்லாந்து படுக்க வேண்டாம்.”

“கிறுக்குறது இல்லப்பா,” என்றாள் மகள். “ஒரு எழுத்துகூட இல்லாம விஷயத்தைச் சொல்லணும். பார்த்தவங்க மறுபேச்சு பேசாம அதைக் கேக்கணும். அதான் பாடமே.”

“படம் சொல்லி எவன் கேப்பான்? அதுவும் என்னை மாதிரி ஆளு? தண்ணி வருதுன்னு யாராவது சொன்னாக்கூட நான் குழாயைத் திறந்து பார்த்துட்டுத்தான் நம்புவேன்.”

“நீங்களே கேட்டுட்டா?”

“எங்க, உன் படம் என்னை ஒரு அடி நகர்த்தட்டும் பார்ப்போம்! அப்படி நகர்த்திட்டா, நாளைக்கு நானே பள்ளிக்கூடத்துக்கு வந்து, ‘என் பொண்ணுக்கு கிராபிக்ஸ்தான்’னு உங்க வாத்தியார்கிட்ட சொல்றேன்.”

“அப்புறம் பேச்சு மாற மாட்டீங்களே?”

“உங்கம்மா சாட்சி. போதுமா?”

சாட்சிக்கு என்னவோ திடீரென்று இருமல் வந்தது. தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குள் போய்விட்டாள்.

மகள் பென்சிலைக் கீழே வைத்தாள். எழுந்து வந்து, கருவிப் பெட்டியை அப்பாவின் கால் தடுக்காமல் ஓரமாக நகர்த்தினாள்.

“அப்போ நாளைக்கு வேன்லயே போயிடலாம்ப்பா. இப்பவே கொண்டாந்து நம்ம வாசல்ல நிறுத்திடுங்க.”

“அபராதத்தை உங்க தாத்தாவா வந்து கட்டுவாரு? வாசல்லதான் போர்டு நிக்குதே!”

“காணாமப்போன உங்க குழாய்லதாம்ப்பா அது நிக்குது.”