அச்சுக்குப் போகும் முன்

கழக்கூட்டம் ஊரில் வெயில் கொளுத்திய மத்தியானம். ஆபீசில் ஏ.சி. வேறு ரிப்பேர். சுப்ரியா மட்டும் கம்பளிக் கையுறை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்ன, குளிர் ஜுரமா?" என்றார் மேனேஜர் நாகேஸ்வரன். பக்கத்து சீட் கௌசிக் சிரித்தான்.

"லடாக் பட்டாளத்துக்குத்தானே சார் நம்ம வயர்லெஸ் செட்? அங்க இது இல்லாம நிக்க முடியாதாம். கீழ்வீட்டு சபீனாவோட வீட்டுக்காரர் அங்கதான் இருக்கார். லீவுல வந்தவர்கிட்ட கேட்டு வாங்கினேன்."

மாதிரி செட்டை எடுத்து, பேசுகிற பட்டனை அமுக்கினாள். தடித்த கையுறை விரல் பக்கத்துப் பட்டனையும் சேர்த்து அமுக்கியது. செட் அணைந்துபோனது.

"ஆபத்துல உதவி கேக்கும்போது இப்படி ஆனா?"

"அதுக்கு?"

"திங்கட்கிழமை செட்டோட பிளாஸ்டிக் கூட்டை வார்க்கற அச்சு செய்யக் குடுக்கறோம். அச்சு ஆயிட்டா பட்டனை நகர்த்த முடியாது. அதுக்கு முன்னாடி நாலு ஜவான்களைக் கூப்பிட்டு அமுக்கிப் பாக்கச் சொல்லலாம் சார். பத்து நாள் போதும்."

"பத்து நாளா? கேட்டியா சுப்ரியா, முதல்ல செட்டை முடிச்சுக் குடுப்போம். குறை இருந்தா பின்னே சொல்லட்டும். இல்லேன்னா பழகிக்குவாங்க. பட்டாளத்துக்காரன் என்ன, பச்சைப் பிள்ளையா?"

"என் பிள்ளைக்குத் தம்ளர் வாங்கினாக்கூட, கையில பிடிக்கக் குடுத்துப் பாத்துத்தான் சார் வாங்குறேன்."

கௌசிக் குனிந்துகொண்டான். நாகேஸ்வரன் முறைப்பதற்குள் போன் அடித்தது. பேயாடு என்கிற ஊரில் அவர் புது வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்.

"சொல்லு திரவியம் மேஸ்திரி... என்னது, அடுக்களை மேடை கட்டப் போறியா? நில்லு, நில்லு. எங்க வீட்டம்மா வரட்டும். அவ குள்ளம். அங்க நிக்க வெச்சு, முழங்கை எங்க வருதுன்னு பாத்து, அப்புறம் உயரம் குறி... எல்லா வீட்டுலயும் அந்த அளவுதான்னா? எல்லா வீட்டுலயும் எம் பொண்டாட்டியா சமைக்கிறா? வேலை ரெண்டு நாள் தள்ளிப் போனா போகட்டும்பா. கல்லைப் பதிச்ச பிறகு அவளுக்கு இடுப்பு வலிச்சா யாரு இடிக்கிறது?"

போனை வைத்தார். நிமிர்ந்தால், சுப்ரியா கையுறை விரலைப் பட்டன் மேல் வைத்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"ஜவான்கள் நாலு பேர் போதுமா?" என்றார்.